ஆறுக்கு ஆறு

செக்காலை ரோட்டுக் கண் ஆஸ்பத்திரியில்
ஆறு மீட்டர் தள்ளி உட்கார வைத்து
ஒரு கண்ணைப் பொத்தச் சொல்கிறார் ரெஜினாள் சிஸ்டர்.
கடைசி வரியை வாசிங்க.

வாசிக்கிறேன்.
அதற்கும் கீழே அச்சிட்டவர் முகவரியை வாசிக்கிறேன்.
தொலைபேசி எண்ணில் ஒரு ஏழு பாதி அழிந்திருக்கிறது.
பலகையை மாட்டிய நான்கு திருகில்
ஒன்று மட்டும் வேறு கடையில் வாங்கியது.

பார்வை ஆறுக்கு ஆறு, கண்ணில் குறையில்லை
என்று எழுதுகிறார்.
குறை என்று நான் சொல்லவே இல்லை.
தலைவலி என்றேன்.
மேலே அந்த டியூப்லைட்
நொடிக்கு நூறு தரம் செத்துச் செத்துப் பிழைக்கிறதே,
நிறுத்த முடியுமா என்றேன்.

எனக்கு வேலை
கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துவது.
பெயருக்கு முன்னால் புள்ளிதான் வந்து சேரும் எனக்கு:
தலையில் உட்காராமல்
அரை மயிரிழை வலப்பக்கம் நழுவிய புள்ளி.
அப்புறம் சுழி, கொம்பு, கால்,
எல்லாம் இறங்கிப் போனபின்
கடைசி பஸ்ஸில் வருகிறது சொல்,
திருநிறைச்செல்வி என்று.
அதற்குள் முதலாளி பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

முகமும் அப்படித்தான்.
புருவம், பல்லிடுக்கு,
காதோரம் சவரத்துக்குத் தப்பிய மூன்று முடி.
கூட்டிப் பார்ப்பதற்குள் ஆள் போய்விடுகிறார்.
தேனப்பன் மீசையை எடுத்துவிட்டு வந்த அன்று
பழைய பஸ் ஸ்டாண்டில்
கூடப்பிறந்தவனைக் கடந்துபோய்க் கொய்யாப்பழம் வாங்கினேன்.
இரண்டு வாரம் அவன் பேசவில்லை.

கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணம்.
பந்திக்கு வா என்கிறார்கள்.
இடையில் நாற்பதடி ஆத்தங்குடிக் கல்:
பூ, பூ, பூ, பூ,
ஒரு பூ மட்டும் தலைகீழ்.
மிதிக்கவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை.
பாயசம் ஆறிப்போகும்வரை அதன் பக்கத்தில் நின்றேன்,
தொலைந்த பிள்ளைக்குத் துணை நிற்பதுபோல.

கண்ணைப் பார்த்துப் பேசுடி சிகப்பி என்பாள் ஆத்தா.
பார்ப்பேன்.
கருவிழியைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம்.
உள்ளே குட்டியாய் எங்கள் வளவு,
வளைந்து நிற்கும் தூண்கள், ஒரு சதுர வானம்,
நடுவில் கடுகளவு நான்.
இவ்வளவும் இருந்த கண்ணில்
அவள் சொன்னது மட்டும் இருக்காது.

முப்பத்தாறு வயதில் திருச்சி டாக்டர்
ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்.
ஆத்தா அந்தத் தாளைக்
கரண்ட் பில் கம்பியில் குத்தி வைத்தாள்.
கெடு வைத்துக் கட்டவேண்டிய எல்லாம் அங்கேதான் தொங்கும்.

அதற்கும் முன்னால் ஒருநாள்
தேவகோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.
நானும் பார்த்தேன், என்னைக் கேட்கத்தான் ஆளில்லை.
வாசலில் கழற்றிய ஏழு ஜோடியில்
ஒரு செருப்பின் வார் நீல நூலால் தைத்திருந்தது.
மூன்று தையல் நெருக்கம், ஒன்று எட்டம், திரும்ப மூன்று.
யார் தைத்தது என்று கேட்கத்தான்
காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.
பொண்ணு நிமிர்ந்தே பாக்கலையே
என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள்.

இன்று, சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் வரிசையில்
கண்ணை மூடிக் காத்திருக்கிறார் ஒருவர்.
செருப்பு வேறு, கறுப்பு.
நூல் அதே நீலம்.
மூன்று நெருக்கம், ஒன்று எட்டம்.

நீங்களேதான் தைக்கிறீங்களா?

மூடிய கண்ணோடு சத்தம் வந்த பக்கம் திரும்பி
ஆமா என்றார்.
நாலாவது தையல் எப்பவும் தப்பிப் போயிருது.
இதையெல்லாம் யார் பாக்கப் போறா?

அவர் முகத்தைச் சொல்லச் சொன்னால் தெரியாது.
இடது இமையோரம் ஒரு பஞ்சு நார் ஒட்டியிருந்தது.
அந்நேரம் சிஸ்டர் வந்து டியூப்லைட்டை அணைத்தார்,
எனக்காக இல்லை,
மருந்து விட்ட கண்கள் கூசுமென்று.

சுவர் நின்றது. நாற்காலிகள் நின்றன.
சீட்டு கையில் வந்துவிட்டது,
எழுந்து போக வேண்டியவள்
உட்கார்ந்திருக்கிறேன்.